கடலின் நாள்காட்டியும் கடனின் நாள்காட்டியும்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்பட்ட தடை இது. தொடக்கத்தில் 45 நாளாக இருந்தது, பின்னர் 61 ஆனது. இந்த நாள்களைத் தாண்டுவதற்கு அரசு ஒரு மீனவர் குடும்பத்துக்குத் தரும் நிவாரணம் 8,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். தடை முடியும் முன்பே, ஜூன் தொடக்கத்தில், பள்ளிகள் திறந்துவிடும். கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம், வேன் வாடகை எல்லாம் வருமானமே இல்லாத அந்த வாரங்களில்தான் வாசலில் வந்து நிற்கும்.

மீனுக்கு விடுமுறை உண்டு, டியூவுக்குக் கிடையாது. இருசக்கர வாகனக் கடனின் மாதத் தவணை, மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை, கைபேசிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் எடுத்த இஎம்ஐ என எல்லாமே மே மாதத்திலும் ஜனவரி மாதத்தைப் போலவே வரும். வாரத் தவணை கட்டும் வீட்டில் இந்தத் தடைக்காலத்துக்குள் எட்டு அல்லது ஒன்பது தவணைகள் விழும். அவற்றைக் கட்ட இன்னொரு கடன் வாங்குவார்கள். அந்த இரண்டாவது கடன்தான் குடும்பத்தைக் கவிழ்க்கிறது.

நுகர்வோர் கடன் என்றதும் பொதுப் பேச்சில் எழும் சித்திரம் வேறு. கிரெடிட் கார்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் இளைஞர், தகுதிக்கு மீறி வாங்கிய கார், தவணையில் போன வெளிநாட்டுச் சுற்றுலா. அதிலிருந்து பிறக்கும் அறிவுரையும் எல்லோருக்கும் மனப்பாடம்: சிக்கனமாக இரு, கடன் வாங்காதே. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் இந்த அறிவுரைக்குப் பெரிய பயன் இல்லை. அங்கே கடனின் வேர் பெரும்பாலும் செலவாளித்தனத்தில் இல்லை. பணம் வரும் நாளும் பணம் தேவைப்படும் நாளும் பொருந்தாததில் இருக்கிறது. ஆகவே ஒரு கடன் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல வட்டி விகிதம் மட்டும் போதாது. அதன் தவணை, வாங்கியவரின் வருமானம் வரும் ஒழுங்கோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடன் எதற்கு?

ஒரு குடும்பம் மூன்று காரணங்களுக்காகக் கடன் வாங்குகிறது. ஒன்று, இடைவெளியைக் கடக்க: சம்பளம் ஏழாம் தேதி, வாடகை ஐந்தாம் தேதி. இரண்டு, அடியைத் தாங்க: விபத்து, மருத்துவமனை, சாவு, வெள்ளம். மூன்று, ஒரே தவணையில் வாங்க முடியாத நீடித்த பொருளை வாங்க: வண்டி, கைபேசி, தையல் இயந்திரம். மூன்றிலும் கடன் விற்பது ஒரே சரக்கு. நாளைய வருமானத்தை இன்றைக்குக் கொண்டுவந்து தருகிறது. அந்த வருமானம் நாளை உறுதியாக வரும் என்றால் கடன் பயனுள்ளது. வராது என்றால் அதே கடன் பொறி.

வங்கிகளின் பார்வையில் இன்னொரு பிரிவினை உண்டு. தொழிலுக்கு வாங்கினால் உற்பத்திக் கடன், வீட்டுக்கு வாங்கினால் நுகர்வுக் கடன். முன்னதற்கு மரியாதையும் மானியமும் கிடைக்கும். பின்னதற்குச் சந்தேகப் பார்வை. விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் ஒரு கூடை மீன் எடுத்து, வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ தெருத் தெருவாக விற்கும் பெண்ணிடம் இந்தப் பிரிவினை செல்லாது. அவருக்கு இருப்பது ஒரே சுருக்குப் பை. காலையில் அதிலிருந்து கைமுதல் போகிறது. மாலையில் அதே பணத்தில்தான் அரிசியும் மாத்திரையும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கைமுதல் கரையும், மறுநாள் கூடை எடுக்கக் கடன் வாங்க வேண்டும். அந்தக் கடன் தொழிலுக்கா, வீட்டுக்கா? ஓரறை வீட்டில் தவணைக்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டியும் அப்படித்தான். அதில் மாவு வைத்து விற்றுத்தான் பல வீடுகளில் பாதிச் செலவு ஓடுகிறது.

படகு வைத்திருப்பவர் நிலையும் அதிகம் மாறுபட்டதல்ல. வலைக்கும் டீசலுக்கும் ஐஸுக்கும் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். பிடிக்கும் மீனை அவரிடமே தர வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு, கமிஷன் கழித்து. நோட்டில் வட்டி என்று ஒரு வரிகூட இருக்காது. வட்டி மீன் விலையிலேயே கழிந்துவிடும்.

தொண்ணூறு ஆண்டுகளாக மாறாத விலை

வடசென்னையின் அன்றாடக் கடன் தண்டல். கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்தாயிரம் ரூபாய் தண்டல் எடுத்தால் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வாங்குகிறவர் மனத்தில் இது பத்து சதவீத வட்டியாகப் பதிகிறது. உண்மை அதுவல்ல. அசல் முதல் நாளிலிருந்தே குறையத் தொடங்குகிறது. நூறு நாள் என்பது ஆண்டில் கால்பங்கைவிடச் சற்றே அதிகம். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 78 சதவீதம். முந்நூறு ரூபாய் கூடுதலாகப் பிடித்துக்கொண்டால் நூறு சதவீதத்தையும் தாண்டிவிடும்.

1931-ல் வெளிவந்த இந்தியத் தொழிலாளர்களுக்கான ராயல் கமிஷன் அறிக்கை (விட்லி கமிஷன்) ஆலைத் தொழிலாளர் கடனைப் பற்றி விரிவாகப் பேசியது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களாவது கடனில் இருப்பதாகவும், பெரும்பாலோரின் கடன் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டுவதாகவும் அது மதிப்பிட்டது. பரவலாக இருந்த வட்டி, ரூபாய்க்கு மாதம் ஓரணா. பதினாறில் ஒரு பங்கு; ஆண்டுக்கு 75 சதவீதம். அன்றைக்கு ஓரணா, இன்றைக்குத் தண்டல். இடையில் வங்கிகள் நாட்டுடைமை ஆயின, ஏழைகளுக்கு ஜன்தன் கணக்கு வந்தது, மீன்கடைப் பலகையில் கியூஆர் கோடு வந்தது. உழைப்பாளி கைமாற்றுக்குக் கொடுக்கும் விலை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

இதைவிடக் கொடிய விலையும் சென்னையில் உண்டு. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011-ல் எழுதிய நூலில் சென்னையின் பழ வியாபாரிகளைக் குறிப்பிடுகிறார்கள். காலையில் சுமார் ஆயிரம் ரூபாய் வாங்கி மாலையில் திருப்பித் தரும் அவர்கள் கொடுக்கும் வட்டி, ஒரு நாளைக்குச் சராசரியாக 4.69 சதவீதம். வங்கியில் ஐந்து மாதத்துக்குக் கேட்கும் வட்டியைப் பத்து மணி நேரத்தில் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு விலை கொடுத்தும் ஏன் வாங்குகிறார்கள்? அறியாமையால் என்று சொல்லிவிடுவது எளிது. தண்டல்காரர் வங்கி செய்யாத நான்கு காரியங்களைச் செய்கிறார். பணம் தேவைப்படும் இடத்துக்கே வருகிறார். காகிதம் கேட்பதில்லை. அன்றன்றைய விற்பனையிலிருந்து அன்றன்றே வாங்கிக்கொள்கிறார். மழை பெய்து வியாபாரம் கெட்டால், திட்டிக்கொண்டாவது, ஒரு நாள் தள்ளி வாங்குகிறார். விலை கொடியது, வடிவம் பொருத்தமானது. இதைப் புரிந்துகொள்ளாமல் தண்டலை ஒழிப்போம் என்று கிளம்பும் எந்தத் திட்டமும் ஓராண்டு தாண்டாது.

விலை குறைவு, வடிவம் தவறு

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தண்டலுக்குப் பக்கத்திலேயே புதிய கடன்கள் வந்துவிட்டன. குறுநிதி நிறுவனங்களின் குழு லோன், பொருள் வாங்கும் கடையிலேயே கையெழுத்திடும் இஎம்ஐ, ஐந்து நிமிடத்தில் கணக்கில் பணம் ஏற்றும் ஆப். நாடு முழுவதும் இதே போக்குதான். ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் நிதி நிலைத்தன்மை அறிக்கையின்படி, இந்தியக் குடும்பங்கள் வாங்கியுள்ள கடனில் ஏறத்தாழ 55 சதவீதம் வீட்டுக் கடன் அல்லாத சில்லறைக் கடன். அதில் பெரும்பகுதி நுகர்வுக்கானது.

தண்டலோடு ஒப்பிட்டால் இவற்றின் வட்டி குறைவு. குழு லோன் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும். ஆனால் விலையை மறைக்கும் வித்தைகள் இங்கும் உண்டு. 12 சதவீதம் ‘ஃபிளாட்’ வட்டி என்பார்கள். முழு அசலுக்கும் ஆண்டு முழுதும் வட்டி போட்டு, அசலையும் மாதாமாதம் வாங்கிக்கொள்வதால் உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல். ‘ஜீரோ வட்டி’ என்பார்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் பிராசஸிங் கட்டணமும் சேர்ந்து வட்டியின் வேலையைச் செய்யும். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. இப்போது இன்னொரு வசதியும் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன் கொடுக்கும் ஒவ்வொரு வங்கியும் நிதி நிறுவனமும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை ஒரே தாளில், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குவது கடன் வாங்குபவரின் உரிமை.

விலையைவிடப் பெரிய சிக்கல் வடிவத்தில் இருக்கிறது. இஎம்ஐக்கு மழை தெரியாது, தடைக்காலம் தெரியாது. ஐந்தாம் தேதி கணக்கில் பணம் இல்லையென்றால் தவணை திரும்பும். நிதி நிறுவனம் ஒரு கட்டணம் போடும், வங்கி ஒரு கட்டணம் போடும், சிபில் மதிப்பெண் இறங்கும். குழு லோனில் ஒருவர் கட்டாவிட்டால் அக்கம்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் அந்த வீட்டு வாசலில் உட்கார வேண்டிய நிலை. இந்த அவமானத்துக்கு அஞ்சி, 24 சதவீதக் கடனின் தவணையைக் கட்ட 78 சதவீதத் தண்டல் எடுக்கிறார்கள். மலிவான கடன் வந்து தண்டலை விரட்டும் என்று எதிர்பார்த்தோம். பல வீடுகளில் அது தண்டலுக்கு வாடிக்கையாளரைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

இதைக் கட்டுப்படுத்த விதிகள் இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள குறுநிதி விதிகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வசூலுக்குப் போகக் கூடாது. ஆனால் அதே விதிகள் வட்டிக்கான உச்சவரம்பை எடுத்துவிட்டன. 2024 அக்டோபரில், அளவுக்கு மீறிய வட்டி உள்ளிட்ட காரணங்களுக்காக நான்கு நிதி நிறுவனங்கள் புதிய கடன் வழங்க ரிசர்வ் வங்கியே தடை போட வேண்டியதாயிற்று. வருமானத்தில் பாதி என்ற விதியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. யாருடைய வருமானம், எந்த மாதத்து வருமானம்? பிப்ரவரியில் மீனவர் வீட்டு வருமானத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறவரின் தாளில் மே மாதம் இருக்காது.

சம்பளம் இறங்கினால்

மாதச் சம்பளக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்க வேண்டாம். வடசென்னையின் தொழிற்சாலை வரிசை ஒரு காலத்தில் நிரந்தர வேலையின் மறுபெயர். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்ஆர்எஃப், ராயல் என்ஃபீல்டு, விம்கோ. அந்தக் கேட்டுக்குள் நுழைந்துவிட்டவரை நம்பி மளிகைக் கடைக்காரர் நோட்டுப் போட்டார், சேட்டு அடகு பிடித்தார், கூட்டுறவுச் சங்கம் சம்பளப் பிடித்தத்தில் கடன் கொடுத்தது. இன்று அந்த வரிசையில் வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும். கடன் மட்டும் நிரந்தரத் தொழிலாளிக்கான வடிவிலேயே கிடைக்கிறது: மூன்று ஆண்டு, முப்பத்தாறு சம தவணை.

2019 செப்டம்பரில் வாகன விற்பனை சரிந்தபோது அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலை அந்த ஒரு மாதத்தில் 16 வேலையில்லா நாள்களை அறிவித்தது. சென்னை மாநகராட்சியின் ஐந்தாவது மண்டலமான ராயபுரத்திலும் ஆறாவது மண்டலமான திரு.வி.க. நகரிலும் குப்பை அள்ளும் பணி தனியாருக்குப் போனபோது, 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு பதின்மூன்று நாள் போராடினார்கள். அவர்கள் சொன்ன கணக்கு எளிமையானது: மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கியவர்கள் இனி 16,000, 17,000 ரூபாய்க்கு வேலை செய்ய வேண்டும். இதை ஊதியப் பிரச்சினையாக, பணிப் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பலர் எழுதினார்கள். அது கடன் பிரச்சினையும்கூட. 23,000 ரூபாய் வருமானத்தைக் காட்டி 9,000 ரூபாய்த் தவணைக்கு ஒப்புக்கொண்ட வீட்டில், சம்பளம் 17,000 ஆனாலும் தவணை 9,000தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வலையும் படகும் எண்ணெயில் தோய்ந்தன. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் மீனவர்கள் வாரக்கணக்கில் தொழிலுக்குப் போக முடியவில்லை. பிடித்த மீனையும் வாங்க ஆள் இல்லை. பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பங்களுக்கு அரசு 12,500 ரூபாய் அறிவித்தது. அந்த மாத இறுதியிலேயே எண்ணூர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து நள்ளிரவில் மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். இந்தப் பட்டினத்தில் வருமானத்தை நிறுத்தும் சக்திகளில் பல மீனவரின் கையிலோ கடலின் கையிலோ இல்லை. பக்கத்து ஆலையின் குழாயில் இருக்கின்றன. யார் தவறினாலும் தவணை தவறியவர் பட்டியலில் மீனவரின் பெயர்தான் ஏறும்.

சட்டம் செய்யக்கூடியதும் முடியாததும்

தமிழ்நாட்டில் சட்டங்களுக்குக் குறைவில்லை. அடகுக்கடைச் சட்டம் 1943, வட்டித் தொழிலர் சட்டம் 1957. திரைப்படத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரனின் தற்கொலைக்குப் பிறகு 2003-ல் வந்தது அதீத வட்டி வசூல் தடைச் சட்டம். கந்து வட்டி, தின வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் பெயர்களையே சட்டத்துக்குள் எழுதி, மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதித்தது. 2025-ல் கடன் வழங்கும் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டம் வந்தது. மிரட்டல், பின்தொடர்தல், பொருளைப் பறித்தல் ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கியவர் தற்கொலை செய்துகொண்டால் கொடுமைப்படுத்தியவர் மீது தற்கொலைக்குத் தூண்டிய வழக்கும் பாயும்.

இவை தேவையான சட்டங்கள். ஆனால் 2003 சட்டத்துக்கு வயது இருபதைத் தாண்டிய பின்னும் தண்டல் தெருவில் அப்படியே இருக்கிறது. காரணம் காவல் துறையின் அலட்சியம் மட்டும் இல்லை. புகார் கொடுப்பவருக்கு அடுத்த வாரம் மருத்துவச் செலவு வந்தால், அவசரத்துக்குப் பணம் தரக்கூடிய ஒரே ஆளும் அதே வட்டிக்காரர்தான். கிணற்றைத் தோண்டாமல் தண்ணீர் லாரிக்காரரைக் கைது செய்தால் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிடாது.

கடன் தள்ளுபடியும் தீர்வாகாது. சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் கந்து வட்டிக் கடனை முழுவதுமாக அடைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பொருளியலாளர்கள் டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பென்ஜமின் ராத் ஆகியோர் ஆராய்ந்தார்கள். வியாபாரிகளில் பெரும்பாலோர் மீண்டும் கடனுக்குள் திரும்பினார்கள். வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பொருத்தமின்மையை யாரும் சரிசெய்யவில்லை. அதனால் அந்த இடைவெளியைக் கடன் மறுபடியும் நிரப்பியது.

செய்யக்கூடியவை

முதலாவதாக, தடைக்காலத்தைக் கடன் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இது சலுகையோ தள்ளுபடியோ இல்லை. 50,000 ரூபாயை 24 சதவீத வட்டியில் பன்னிரண்டு மாதத்தில் அடைக்க மாதம் சுமார் 4,728 ரூபாய் கட்ட வேண்டும், மொத்தம் 56,736. நடுவில் இரண்டு மாதங்களை விட்டுவிட்டு, மீதிப் பத்து மாதங்களில் 5,671 ரூபாய் வீதம் கட்டினாலும் மொத்தம் 56,710 ரூபாய்தான். கடன் கொடுத்தவருக்கு ஒரு சதவீதம்கூடக் குறையாது. மீனவர் குடும்பம் மீன் வரும் மாதங்களில் கூடுதலாகக் கட்டும், மீன் வராத மாதங்களில் மூச்சுவிடும். ஒரு கணினி நிரலில் இரண்டு வரி மாற்றினால் முடியும் வேலை இது. வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி 1998 பெருவெள்ளத்துக்குப் பிறகு பட்ட பாட்டிலிருந்து இந்தப் பாடத்தைக் கற்று, 2001 தொடங்கித் தன் கடன் முறையையே நெகிழ்வானதாக மாற்றியது. கொல்கத்தாவில் குழு லோன் வாங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு முதல் தவணைக்கு முன் இரண்டு மாத அவகாசம் தந்து பார்த்த ஆய்வில், அவர்களின் தொழில் லாபம் உயர்ந்தது. தவணை தவறியவர்களும் சற்றுக் கூடினார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆபத்துக்கு ஒரு விலை உண்டு. அது 78 சதவீதமாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, தண்டலின் வடிவத்தைக் கூட்டுறவு எடுத்துக்கொள்ள வேண்டும். அதே 9,000 ரூபாயை, அதே நூறு நாளில், அன்றாடத் தவணையாக 24 சதவீத வட்டியில் அடைத்தால் வட்டி சுமார் 300 ரூபாய்தான், தண்டலில் 1,000. ஆண்டு முழுதும் தண்டலிலேயே ஓடும் ஒருவருக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் மிச்சம். அன்றாடம் ஆள் அனுப்பி வசூலிப்பது கட்டுப்படியாகாது என்பது பழைய வாதம். மீன் கூடைக்காரரின் கைபேசியிலேயே யுபிஐ இருக்கும்போது அந்த வாதம் வலுவிழந்துவிட்டது. சாலையோர வியாபாரிகளுக்கான பிஎம் ஸ்வநிதி திட்டம் 2020-ல் 10,000 ரூபாயில் தொடங்கி, இப்போது முதல் கடன் 15,000 ரூபாயாக உயர்ந்து, 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. வட்டியில் 7 சதவீதம் மானியமும் உண்டு. அந்தக் கடனும் மாதத் தவணையாகத்தான் வருகிறது. நாள் தவணை, வாரத் தவணை என்ற தெரிவை வியாபாரியிடம் விட வேண்டும். மீனவர்களுக்கு 2018-19 முதல் கிசான் கடன் அட்டை உண்டு. ஒழுங்காகக் கட்டினால் வட்டி 4 சதவீதம். ஒரே துறைமுகத்தில் ஒருவருக்கு 4, இன்னொருவருக்கு 78 என்பதற்கு, கையில் காகிதம் இருப்பதும் இல்லாததும் தவிர வேறு நியாயம் இல்லை. மீன் விற்கும் பெண்களின் குழுக்களை அந்த அட்டைக்குள் கொண்டுவருவதே முதல் வேலை.

கூட்டுறவு நமக்குப் புதிதும் இல்லை. ஜெர்மனியின் ரைஃபைசன் முறையைப் பின்பற்றிக் கடன் சங்கங்கள் தொடங்கலாம் என்று 1890-களில் சென்னை மாகாண அரசுக்கு அறிக்கை கொடுத்தவர் ஃபிரடெரிக் நிக்கல்சன். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அந்த நிக்கல்சன்தான் பின்னர் மாகாண மீன்வளத் துறைக்கும் அடித்தளமிட்டார். கடனையும் கடலையும் ஒருசேர யோசித்த மனிதர் இங்கே இருந்திருக்கிறார். மீனவர் சேமிப்பு–நிவாரணத் திட்டத்தில் குடும்பம் 1,500 ரூபாய் சேமித்தால் அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகின்றன. சேமிப்பை நாள்காட்டிக்கு ஏற்ப அமைக்கத் தெரிந்த அரசுக்குக் கடனை அப்படி அமைப்பது கடினமாக இருக்க முடியாது.

மூன்றாவதாக, பேரிடர் நிவாரணம் அறிவிக்கப்படும் பகுதியில் தவணை தானாக நிற்க வேண்டும். 2020-ல் கொரோனா காலத்தில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் நாடு முழுவதும் தவணையை நிறுத்திவைக்க முடிந்தது. வட்டிக்கு வட்டி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் சொன்னது. நாட்டுக்கே முடிந்தது எண்ணூருக்கு முடியும். நிவாரணத் தொகைக்கு எந்தப் பட்டியலோ, தவணை நிறுத்தத்துக்கும் அதே பட்டியல்.

நான்காவதாக, ஊதியம் சொன்ன தேதிக்கு வர வேண்டும். ஊதியம் தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் தொழிலாளி வட்டி கட்டுகிறார். ஒப்பந்ததாரர் வட்டியில்லாமல் அந்தப் பணத்தை வைத்திருக்கிறார். ஒப்பந்ததாரர் தவறினால் முதன்மை நிறுவனம் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை 1970 முதலே சட்டத்தில் இருக்கிறது. துறைமுகமும் அனல்மின் நிலையமும் மாநகராட்சியும் அதைக் கடைப்பிடித்தாலே பல வீடுகளில் முதல் தண்டல் தேவைப்படாது.

கடன் வாங்குபவருக்கும் கடமை உண்டு. எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி எவ்வளவு என்று கேட்காமல் கையெழுத்திடக் கூடாது. ஏடிஎம் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் யாரிடமும் ஈடாகக் கொடுக்கக் கூடாது. வருமானம் குறைந்த மாதத்தில் எவ்வளவு கட்ட முடியுமோ, அதையே தவணையின் உச்சவரம்பாகக் கொள்ள வேண்டும். வங்கி, நிதி நிறுவனம் மீதான குறைகளுக்கு ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணும், ஆப் மோசடிக்கு 1930 எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இவற்றையெல்லாம் ஒரு குடும்பம் செய்துவிட்டாலும், மே மாதம் வரும்போது கடல் மூடியிருக்கும், டியூ தேதி திறந்திருக்கும். அந்தத் தேதியை மாற்றும் அதிகாரம் காசிமேட்டுப் பெண்ணிடம் இல்லை. வங்கிகளிடமும் மீன்வளத் துறையிடமும் கூட்டுறவுத் துறையிடமும் இருக்கிறது. மாநில வங்கியாளர் குழுவில் தமிழக அரசு இதை முன்வைத்து, அடுத்த ஏப்ரல் 15-க்குள் கடலோர வார்டுகளின் கடன் ஒப்பந்தங்களில் தடைக்காலத்தை எழுதச் செய்ய வேண்டும். அதற்குக் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாயும் செலவில்லை.